மழைக்காலையில் கிளம்பாத கார்

இரவெல்லாம் மழை. காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் விரைவாகச் சுழல்கிறது. எஞ்சினோ கிளம்ப மறுக்கிறது. புதுப் பாட்டரி வாங்க ஓடாதீர்கள். ஸ்டார்ட்டர் விரைவாகச் சுழலும்போது, குறை பெரும்பாலும் பாட்டரியில் இல்லை.

பெட்ரோல் எஞ்சினில் பாட்டரியின் 12 வோல்ட்டை இக்னிஷன் காயில் சுமார் 20,000 வோல்ட்டாக உயர்த்துகிறது. அதனால்தான் ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியில் பொறி பாய்கிறது. தூய நீர் மின்சாரத்தை அரிதாகவே கடத்தும். ஆனால், பிளக்குக்குச் செல்லும் கம்பியின் உறைமேல் படிந்த தூசும் உப்பும் ஈரத்தில் கரைந்தால், மின்சாரத்தைக் கடத்தும் படலம் உண்டாகிறது. உறையில் கீறல் இருப்பின் மின்சாரம் அவ்வழியே கசிந்துவிடும்; பொறி மெலியும். சாவியை எடுத்துவிட்டு உறையைத் துடைத்து உலர்த்துங்கள். பிறகு கிளம்பினால் காரணம் ஈரமே. கீறல் விட்ட கம்பியை மாற்றிவிட வேண்டும்.

வெயில் நாளிலும், ஓடிச் சூடேறி நின்றபின் கார் கிளம்ப மறுக்கிறதா? இக்காலக் கார்களில் பொறி பாயவேண்டிய நேரத்தைக் கிராங்க் தண்டின் அருகிலுள்ள சென்சார்தான் கணிப்பொறிக்கு உணர்த்துகிறது. அதன் சுருளில் கம்பி இற்றிருந்தால், சூட்டில் விரிந்து விலகும். ஆறியதும் மீண்டும் தொடும். சைகை இல்லையேல் பொறியும் இல்லை.

ஆகவே, எந்தப் பாகத்தையும் மாற்றுமுன், எஞ்சின் எப்போது மறுக்கிறது என்பதைக் குறித்து வையுங்கள். பாதி நோய் அதிலேயே விளங்கிவிடும்.