கஷாயமும் ஒன்றரை ஷிப்டும்

ஐப்பசி மழை பிடித்ததும் திருப்பூரில் காய்ச்சலும் கூடவே வந்துவிடுகிறது. வேலம்பாளையம், அனுப்பர்பாளையம் பக்கத்து லைன் வீடுகளில் வாரக்கணக்கில் தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்கள் போதும், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட. பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் ஒருவருக்கு உடம்பு சுட்டால் அடுப்பில் நிலவேம்பு கொதிக்கும். இல்லையென்றால் சுக்கு, மிளகு, துளசி போட்ட கஷாயம். சுடச்சுடக் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். ஷிப்மென்ட் தேதி நெருங்கியிருந்தால் அன்றைக்கு ஒன்றரை ஷிப்ட். லீவு போட்டால் சனிக்கிழமை வாங்கும் வாரச் சம்பளத்தில் அந்த நாளின் காசு இருக்காது.

கஷாயத்தின் மீது குற்றமில்லை. ஓய்வெடுக்க வேண்டிய உடம்பை மெஷின் முன்னால் உட்காரவைக்க அது பயன்படுவதுதான் கவலைக்குரியது.

நிலவேம்புக் குடிநீர் பாட்டி வைத்தியமாக மட்டும் நின்றுவிடவில்லை. வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம், நிலவேம்பு என ஒன்பது சரக்குகள் சேர்ந்த சித்த மருந்து அது. 2012இல் டெங்கு பரவியபோது தமிழக அரசே அதை ஊர் ஊராக விநியோகித்தது. 2017இல், ஆய்வு முடிவு வரும்வரை விநியோகிக்க வேண்டாம் என்று கமல்ஹாசன் தம் இயக்கத்தாரைக் கேட்டுக்கொண்டபோது பெரிய சர்ச்சையே நடந்தது. 2020 கொரோனா காலத்தில் பதினைந்து சரக்குகள் கொண்ட கபசுரக் குடிநீர் வீடு வீடாக வந்தது. நிலவேம்புச் சர்ச்சையில் எந்தப் பக்கம் நிற்பவரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. டெங்குவில் பெரிய ஆபத்து காய்ச்சல் கொதிக்கும்போது வருவதில்லை. காய்ச்சல் இறங்கும்போதுதான் வருகிறது.

மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் சூடு தணியும். அடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில் சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து இரத்த அழுத்தம் சரிந்துவிடும். கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், தாங்க முடியாத சோர்வு ஆகியவை அதன் அறிகுறிகள். கஷாயம் குடித்தவருக்கோ, 'காய்ச்சல் விட்டுவிட்டது, மருந்து கேட்டுவிட்டது' என்றுதான் தோன்றும். மருத்துவமனையில் இருக்க வேண்டிய அந்த நாளில் அவர் ஷிப்டில் இருப்பார். கஷாயம் குடிப்பதும் குடிக்காததும் அவரவர் விருப்பம். இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு விஷயம், சூப்பர்வைசர் மேஜையிலிருந்து வரும் மாத்திரை. தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழக ஆடைத் தொழிலில் வேலை செய்யும் சுமார் நூறு பெண்களிடம் பேசி 2019இல் ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டார்கள். மாதவிடாய் வலி என்று சொன்ன பெண்களுக்கு, பெயரோ காலாவதித் தேதியோ இல்லாத மாத்திரைகளை வேலையிடத்திலேயே கொடுத்து மறுபடி வேலைக்கு உட்காரவைத்தது அதில் வெளிவந்தது. அவை ஐபுபுரூஃபன் வகை வலிநிவாரணிகள் என்று மாத்திரையைப் பார்த்த மருத்துவர்கள் சொன்னார்கள். டெங்கு இருக்கலாம் என்ற சந்தேகம் உள்ளவர் இந்த வகை மாத்திரையைத் தொடவே கூடாது; இரத்தக் கசிவை அது கூட்டிவிடும். பெயர் தெரியாத மாத்திரையை வாங்கி விழுங்குபவருக்கு இது எப்படித் தெரியும்? கையில் கொடுக்கப்படுவது என்ன மருந்து என்று கேட்பது தொழிலாளியின் உரிமை. பதில் கிடைக்காவிட்டால் விழுங்க மறுப்பதும் உரிமைதான்.

அதே கேள்வியை மூலிகையிடமும் கேட்க வேண்டும். இதே திருப்பூர் மாவட்டத்தில் மூலனூர், தாராபுரம் வட்டாரத்தில் கண்வலிக்கிழங்கு பயிராகிறது. அதன் பூதான் செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநிலப் பூ. விதையிலிருந்து எடுக்கப்படும் கோல்ச்சிசின், யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவலிக்கு மில்லிகிராம் கணக்கில் அளந்து கொடுக்கும் மருந்து. இந்தச் செடியின் கிழங்கை உண்ணும் கிழங்கு என்று நினைத்து அவித்துச் சாப்பிட்டு உயிரிழந்தவர்களை இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மண்ணில் விளைந்தது என்பதாலேயே ஒன்று உடம்புக்கு ஒத்துவந்துவிடும் என்று நம்ப இடமில்லை.

அன்றாடம் புழங்கும் சரக்குகளுக்கும் அளவு உண்டு. பஞ்சுத் தூசியில் தொண்டை கமறுகிறது என்று அதிமதுரத்தை வாரக்கணக்கில் தொடர்ந்தால் உடம்பில் பொட்டாசியம் குறைந்து இரத்த அழுத்தம் ஏறும். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது நேரடி ஆபத்து. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு அதிமதுரமும் தூதுவளையும் போதாது, சளிப் பரிசோதனை வேண்டும். அரசு மருத்துவமனையில் அது இலவசம். உடம்பு மெலிய என்று விற்கும் தேநீர்ப் பொடிகள் பலவற்றில் இருப்பது பேதிக்குக் கொடுக்கும் நிலாவிரை இலை. கொழுப்பு அதனால் குறைவதில்லை, நீரும் உப்பும்தான் வெளியேறுகின்றன. குப்பைமேனி இலையைச் சாப்பிட்டதால், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு இரத்த அணுக்கள் சிதைந்ததும் இலங்கையில் பதிவான செய்தியே.

சீந்தில் கொடியின் கதை இன்னும் சிக்கலானது. கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கென்று அதைத் தினமும் குடித்த சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். அடுத்த ஆண்டு 13 மருத்துவ மையங்களிலிருந்து 43 பேரின் விவரம் வெளியானது. ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. பார்க்க ஒன்றுபோல் இருக்கும் வேறு கொடியை அவர்கள் சாப்பிட்டிருக்கலாம் என்றது. அமைச்சகம் சொன்னதே சரி என்று வைத்துக்கொண்டாலும், வேலியில் படர்ந்த கொடியைப் பறித்து இடித்துக் குடிப்பவருக்கு அது இரட்டை எச்சரிக்கை. கண் மஞ்சளானாலோ சிறுநீர் கருத்தாலோ உடனே நிறுத்த வேண்டும்.

கடையில் வாங்குபவருக்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. சித்த மருந்து என்று விற்கப்படும் பொடியில் உரிம எண், பேட்ச் எண், தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி, சேர்ந்துள்ள சரக்குகள், தயாரித்தவர் முகவரி அச்சாகியிருக்க வேண்டும். தமிழக அரசு நிறுவனமான டாம்ப்கால் தயாரிக்கும் பொடியாக இருந்தாலும் தனியார் பொடியாக இருந்தாலும் இதுதான் விதி. மூலிகைத் தேநீர் உணவாக விற்கப்பட்டால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் வேண்டும். நோயைக் குணமாக்கும் என்று அதில் எழுதக் கூடாது. சர்க்கரை, இரத்த அழுத்தம், புற்றுநோய், உடல் பருமன், மாதவிடாய்க் கோளாறு முதலியவற்றைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் சட்டமே தடுக்கிறது. இந்திய மருத்துவச் சங்கம் தொடுத்த வழக்கில், பதஞ்சலி போன்ற பெரிய நிறுவனமே 2024இல் நாளிதழ்களில் மன்னிப்பு விளம்பரம் போட வேண்டியிருந்தது. சந்தையில் லேபிள் இல்லாத பிளாஸ்டிக் கவரில் 'மூட்டுவலிச் சூரணம்' விற்பவரையும் சட்டம் கட்டுப்படுத்தும். சாப்பிட்ட மறுநாளே வலி மாயமாகப் போனால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். ஏமாற்றப்பட்டவர்கள் 1915 என்ற நுகர்வோர் எண்ணில் புகார் செய்யலாம். பில்லும் மிச்சமிருக்கும் பாக்கெட்டும் கையில் இருக்கட்டும். மருத்துவரிடம் போகும்போதும் அந்தப் பாக்கெட்டை எடுத்துப்போவது சிகிச்சைக்கு உதவும். குடிநீரே வேண்டும் என்பவர்கள் அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவில், படித்த சித்த மருத்துவரிடம் இலவசமாகப் பெறலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக லீவு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள தொழிலாளியிடம் 0.75 சதவீதம் இஎஸ்ஐ என்னும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்துக்குப் பிடிக்கப்படுகிறது, முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். அந்தப் பணத்துக்கு ஈடாக வைத்தியம் மட்டும் கிடைப்பதில்லை. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், நோயுற்ற நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தைப்பவருக்கும் அதே காப்பீட்டு எண் நாடு முழுவதும் செல்லும். கான்ட்ராக்டில் வேலை செய்பவர்களின் பெயரே பல இடங்களில் பதிவாவதில்லை என்பதுதான் கொடுமை. சம்பளத்தில் பிடித்தம் இருக்கிறதா, தன் பெயரில் எண் இருக்கிறதா என்பதை 1800 11 2526 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஒரு சிறு விதியையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நோய்க்கால உதவித்தொகையில் பொதுவாக முதல் இரண்டு நாட்களுக்குப் பணம் இல்லை. அந்த நாட்கள் இஎஸ்ஐ மருத்துவரின் சான்றிதழ் தேதியிலிருந்துதான் எண்ணப்படும். காய்ச்சல் வந்த முதல் நாளே இஎஸ்ஐ மருந்தகத்துக்குப் போய்ப் பதிந்துகொண்டால் மூன்றாம் நாளிலிருந்து தொகை சேரும். இரண்டு நாள் கஷாயத்தில் ஓட்டிவிட்டு மூன்றாம் நாள் போகிறவருக்குக் கணக்கு அன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறது.