இதயத் தசையின் தளர்வை மீயொலியால் அளத்தல்: மடைநீர் வழி ஒரு விளக்கம்

முன்னுரை

எக்கோ பரிசோதனை அறிக்கையில் பெரும்பாலோர் முதலில் நோக்குவது, இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் குருதியின் விழுக்காட்டையே. அவ்விழுக்காடு இயல்பாக இருந்தும் மூச்சுத்திணறலுக்கு உள்ளாவோர் உளர். அவர்களுள் பலருக்குக் குறை, தசை சுருங்குவதில் அன்று, தளர்வதில் உள்ளது. முதுமை, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியன இதற்கு முதன்மைக் காரணிகள். தளர்வு வெறும் ஓய்வன்று. சுருக்கத்தைத் தூண்டிய கால்சியத்தைத் தசையணு மீண்டும் தன் சேமிப்பறைக்குள் ஏற்றுவதற்கு ஆற்றல் செலவாகிறது.

மடையும் வால்வும்

கல்லணையில் பிரியும் நீர் ஆறும் வாய்க்காலும் கடந்து மடைவழியே வயலில் பாய்கிறது. வாய்க்கால் மட்டத்திற்கும் வயல் மட்டத்திற்கும் உள்ள வேறுபாடு கூடினால் பாய்ச்சலின் விரைவும் கூடும். இடது மேலறையை வாய்க்காலாகவும், இடது கீழறையை வயலாகவும், ஈரிதழ் வால்வை மடையாகவும் கொள்ளலாம். வால்வைக் கடக்கும் குருதியின் விரைவை டாப்ளர் முறை அளக்கிறது. கீழறை தளர்ந்தவுடன் பாய்வது ‘ஈ’ அலை. பின்னர் மேலறை சுருங்கித் தள்ளுவது ‘ஏ’ அலை.

தளர்வு குன்றத் தொடங்கும்போது ஈ அலை தாழ்ந்து, ஏ அலை உயர்கிறது. நோய் முற்றும்போது மேலறை அழுத்தம் மிகுந்து, ஈ அலை மீண்டும் உயர்ந்து இயல்பானது போலத் தோன்றும். வயல் தாழ்ந்திருந்தாலும் நீர் விரைந்து பாயும். வாய்க்கால் கரைபுரள நிறைந்திருந்தாலும் விரைந்து பாயும். மடையில் விரைவை மட்டும் அளப்பவர் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது.

தசையையே அளத்தல்

வயல் தானே விரிவதில்லை; கீழறையோ விரிகிறது. ஆதலின் ஒப்புமை இங்கு நிற்கிறது. திசு டாப்ளர் முறை, குருதியை விடுத்து வால்வு வளையம் நகரும் விரைவை அளக்கிறது. ‘ஈ பிரைம்’ எனப்படும் இவ்விரைவு, தளர்வு குன்றினால் குறைகிறது. ஈ அலை மீண்டும் உயர்ந்த நிலையிலும் பெரும்பாலும் தாழ்ந்தே நிற்கிறது. எனவே ஈ அலையை ஈ பிரைமால் வகுத்துப் பெறும் ஈவு, மேலறை அழுத்தத்தை மதிப்பிட உதவுகிறது.

வெளியேற்ற விழுக்காடு இயல்பாக உள்ளோர்க்கு, அமெரிக்க, ஐரோப்பிய இதயப் படிமவியல் அமைப்புகள் 2016இல் நான்கு அளவைகளைப் பரிந்துரைத்தன:

1. ஈ பிரைம் இடைச்சுவர்ப் பக்கம் நொடிக்கு 7 செ.மீ.க்கும் குறைவு, அல்லது வெளிச்சுவர்ப் பக்கம் 10 செ.மீ.க்கும் குறைவு.
2. சராசரி ஈவு 14க்கு மேல்.
3. மூவிதழ் வால்வின் பின்னொழுக்கு நொடிக்கு 2.8 மீட்டருக்கு மேல்.
4. இடது மேலறைக் கொள்ளளவு, உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 34 மி.லி.க்கு மேல்.

அந்த 2016ஆம் ஆண்டுப் பரிந்துரையின்படி, இவற்றுள் பாதிக்கு மேல் பொருந்தினால் தளர்வுக் குறை உள்ளது எனக் கொள்ளப்பட்டது. பாதிக்கும் குறைவாயின் இல்லை எனக் கொள்ளப்பட்டது. சரிபாதியாயின் முடிவு கூற இயலாது எனக் கொள்ளப்பட்டது.

முடிவுரை

ஓர் அளவை மட்டும் கொண்டு தளர்வை முடிவு செய்தல் பொருந்தாது. வயலில் நடக்கையில் மூச்சிரைக்கும் முதியவரை, வெளியேற்ற விழுக்காடு இயல்பு என்னும் ஒரே காரணத்தால் ‘இதயம் நன்று’ எனக் கூறி அனுப்பிவிடுதல் முறையன்று. இதயம் எவ்வளவு வெளியேற்றுகிறது என்பதோடு, எவ்வாறு நிரம்புகிறது என்பதையும் அறிக்கையில் நோக்குதல் வேண்டும்.