பயிற்சிக்கு வந்தது எத்தனை பேர்? வயலில் மாறியது என்ன?

சுண்ணாம்பாற்றங்கரையில் உள்ள நோணாங்குப்பத்திலிருந்து ஒரு விவசாயி பயிற்சிக்குப் போனால், அன்றைய கூலியும் வயல் வேலையும் போச்சு. மாலையில் கருத்துப் படிவத்தில் 'பயனுள்ளது' என்று டிக் போட்டுவிட்டுத் திரும்புவார். அத்தகைய டிக்குகளைக் கூட்டி, 'இத்தனை பேர் பயன்பெற்றனர்' என்று எழுதினால் அது வருகைக் கணக்கு, மதிப்பீடு அல்ல.

நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில்தான் தொடங்கப்பட்டது. செய்து பார்த்துக் கற்பதே அதன் அடிப்படை. ஆகவே பயிற்சியின் பலனையும் வயலில்தான் பார்க்க வேண்டும்.

கடலோர உவர் நிலத்தை எடுத்துக்கொள்வோம். களர் நிலத்துக்கு ஜிப்சம் இட வேண்டும். உவர் நிலத்துக்கோ நல்ல தண்ணீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடிக்க வேண்டும். கோ 43, திருச்சி 1 போன்ற உப்பைத் தாங்கும் நெல் ரகங்களை நடலாம். இதைப் பயிற்சியில் கேட்டவர், ஒரு பருவம் கழிந்தும் பழைய ரகத்தையே நட்டிருந்தால், காரணத்தைக் கேட்க வேண்டும்.

* பாடம் புரியவில்லையா? கற்பிக்கும் முறையை மாற்ற வேண்டும்.
* புரிந்தும் விதையோ வடிகாலோ இல்லையா? இன்னொரு பயிற்சி வேண்டாம். அந்தப் பணம் விதைக்கும் வாய்க்காலுக்கும் போகட்டும்.
* செய்தும் பலன் இல்லையா? அந்தத் தொழில்நுட்பம் இந்த மண்ணுக்கு ஏற்றதா என்று விஞ்ஞானிகள் மறுபடி பார்க்க வேண்டும்.

மூன்றுக்கும் முடிவு வேறு வேறு. டிக் போட்ட படிவம் இதைச் சொல்லாது.

ஒப்பீடும் தேவை. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் எல்லோருக்கும்தான் விளையும். பயிற்சி பெற்றவர் வயலையும், அதே மண்ணும் தண்ணீரும் உள்ள பெறாதவர் வயலையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். 1980-களில் அரியானாவின் கர்னால் மாவட்டத்தை, அதே விரிவாக்கத் திட்டம் இல்லாத உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகருடன் இப்படித்தான் ஒப்பிட்டார்கள்.

யாருக்குப் பயிற்சி போய்ச் சேரவில்லை என்பதும் முக்கியம். 2003-ல் நடந்த தேசிய மாதிரி ஆய்வில், எந்த வழியிலாவது வேளாண் தகவல் பெற்ற விவசாயக் குடும்பங்கள் சுமார் 40 சதவீதம்தான். விரிவாக்கப் பணியாளர் மூலம் பெற்றவை 6 சதவீதத்துக்கும் குறைவு.

விவசாயிகள் செய்யக்கூடியது எளிது. பயிற்சிக்குப் பிறகு ஒரு நோட்டில் ரகம், செலவு, மகசூல், செய்ய முடியாமல் போனதன் காரணம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். பக்கத்து வயல் கணக்கையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பயிற்சியில் அதை அதிகாரியிடம் காட்டுங்கள். டிக்கைவிட அந்த நோட்டுக்குத்தான் மதிப்பு அதிகம்.