பச்சை ஸ்டாம்பு

1960-களில் பிரிட்டனில் மளிகைச் சாமான் வாங்கிக் கல்லாவில் பணம் கட்டிய குடும்பத் தலைவி, மீதிச் சில்லறையோடு ஒரு கொத்துப் பச்சை ஸ்டாம்புகளையும் பெற்றுக்கொண்டுதான் பல கடைகளிலிருந்து வீடு திரும்புவாள். அந்நாளைய பழைய நாணய முறையில் 6 பென்னிக்கு ஒன்று என்பது கணக்கு. தபால் தலையைப் போலப் பின்புறம் பசை தடவிய அவற்றை ஈரப் பஞ்சில் தொட்டோ நாக்கில் நனைத்தோ, அதற்கென்றே கொடுக்கப்பட்ட புத்தகத்தில் வரிசை தப்பாமல் ஒட்டுவது பல வீடுகளில் குழந்தைகளின் உத்தியோகம். 1,280 ஸ்டாம்பு ஒட்டினால் ஒரு புத்தகம் நிரம்பும். அதற்குள் 32 பவுனுக்குச் சாமான் வாங்கியாகியிருக்கும். நிரம்பிய புத்தகங்களைப் பரிசு நிலையத்தில் கொடுத்து, காட்டலாக்கில் குறித்து வைத்த கெட்டிலையோ போர்வையையோ பெற்றுக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வேரூன்றிவிட்ட இந்த உபாயத்தைக் கண்டு, ரிச்சர்ட் டாம்கின்ஸ் என்பவர் 1958-ல் தொடங்கியதே கிரீன் ஷீல்டு ஸ்தாபனம். அது விற்ற சரக்கு ஸ்டாம்பு, வாங்கியவர் கடைக்காரர். அவரிடமிருந்து பணம் இன்றே வந்துவிடும். புத்தகம் நிரம்பிப் பரிசு கேட்டு ஆள் வருவதற்கோ பல மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் பணம் ஸ்தாபனத்தின் வசம் இருந்தது என்பதும், பரிசுப் பொருள்களை மொத்தக் கிரயத்துக்கு வாங்க முடிந்தது என்பதும், மேஜை இழுப்பறைகளில் மறந்துபோன ஸ்டாம்புகளுக்கு எவரும் பரிசு கேட்டு வரவில்லை என்பதும் சேர்ந்ததே அதன் லாப ரகசியம். கடைக்காரருக்குக் கிடைத்த பிரயோஜனம் வேறு: பாதி நிரம்பிய புத்தகம் வீட்டில் இருக்கும்போது அடுத்த கடைக்குப் போக யாருக்கு மனம் வரும்?

ஆனால், எதிர்க்கடையும் ஸ்டாம்பு கொடுக்கத் தொடங்கினால் கவர்ச்சி போய்ச் செலவு மட்டும் மிஞ்சும். அச்செலவு விலையில்தான் ஏறும். ஸ்டாம்பே சேர்க்காத ஏழைக் கிழவியும் அடுத்த வீட்டுக் கெட்டிலுக்குத் தன் பங்கைச் செலுத்தினாள் என்பது என் மனத்தை உறுத்துகிறது. ஸ்டாம்புக்குக் கொடுக்கும் பணத்தை விலையில் குறைக்கலாமே என்று ஆரம்பத்திலேயே எதிர்த்த செயின்ஸ்பரி கடைக்காரர்களின் கட்சியில் நியாயம் இருந்தது. 1963-ல் ஸ்டாம்பை ஏற்ற டெஸ்கோ என்னும் கடை நிறுவனமும் 1977-ல் அதைக் கைவிட்டு விலையைக் குறைத்தது.

அதே டெஸ்கோ 1995-ல் கிளப்கார்டு என்னும் அட்டையை நாடெங்கும் வழங்கியது. ஸ்டாம்பின் இடத்தில் புள்ளிகள் வந்தன. பசையும் பஞ்சும் போயின. ஒரு பேதம் மட்டும் பெரிது. புத்தகத்தை ஒட்டி நிரப்பியவர் கடையில் என்ன வாங்கினார் என்பதைப் பச்சை ஸ்டாம்பு ஒருவரிடமும் சொன்னதில்லை. அட்டையோ, எந்த வீட்டில் எந்தத் தேதியில் எந்தச் சோப்பு வாங்கினார்கள் என்பதைக் கடைக்குக் குறித்துக் கொடுக்கிறது.