வாயில் யாருடையது?

கண்முன் இல்லாத உலகை இருப்பதுபோல் காட்டும் யந்திரங்கள் இன்று கடைகளில் விலைக்குக் கிடைக்கின்றன. தலைக்கருவியை அணிந்தவர் தம் அறையில் அமர்ந்தபடியே ஒரு பழைய மண்டபத்தினுள் உலவலாம். இதனை மெய்நிகர் தோற்றம் என்பர். கைப்பேசியை உயர்த்திப் பிடித்தால், வெறும் தரையில் வாங்காத நாற்காலியொன்று நிற்கக் காணலாம். இது மிகை மெய்ம்மை. இவற்றின் விந்தையைப் பலர் வியந்து எழுதிவிட்டனர். நாம் இங்கு ஆராயப் புகுவது, இவ்வுலகத்துள் செல்லும் வாயில் யார் வசம் இருக்கிறது என்பதையே.

வாயில்கள் இரண்டு. ஒன்று, கருவியை விற்கும் கம்பெனியே நடத்தும் செயலிக் கடை. அங்கே தம் படைப்பை வைக்க விரும்புவோர் கம்பெனியின் அநுமதி பெறவேண்டும். விற்பனையில் நூற்றுக்கு 30 வரை கமிஷன் செலுத்தவேண்டும். கம்பெனி வேண்டாமென்றால் மூட்டை கட்டவேண்டும். மற்றொன்று, நாம் தினமும் வலைத்தளங்களைக் காணும் உலாவி. அங்கே ஒரு முகவரி இருந்தால் போதும். படைத்தவர் எவரிடமும் விண்ணப்பிக்க வேண்டுவதில்லை. காண்பவர் எதனையும் தனியே நிறுவ வேண்டுவதில்லை.

இந்த இரண்டாவது வாயில் ஒரே நாளில் திறந்ததன்று. 1994இல் ஜினீவாவில் கூடிய முதல் உலகளாவிய வலை மகாநாட்டிலேயே, முப்பரிமாண உலகை வலையில் வரைவதற்கான வி.ஆர்.எம்.எல். மொழியைப் பற்றிப் பேச்செழுந்தது. 1997இல் அது சர்வதேசத் தரமாயிற்று; ஆயினும் அக்காலத்துக் கணினிகளும் தொலைபேசிக் கம்பிகளும் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. 2011இல் வெப்ஜிஎல் வந்தபின் உலாவியே முப்பரிமாணச் சித்திரங்களை விரைந்து வரையலாயிற்று. 2014இல் மொஸில்லாவைச் சேர்ந்த விளாடிமிர் வுகிசெவிச் முன்வைத்த வெப்விஆர் முயற்சி, பின்னர் டபிள்யு3ஸி சபையின் குழுவில் வெப்எக்ஸ்ஆர் என்னும் பொது விதியாக வளர்ந்து, 2019 டிசம்பரில் குரோம் உலாவியில் இடம் பெற்றது.

விதியின் சாரம் எளிது. தலை எத்திசை திரும்பிற்று, கை எங்கே இருக்கிறது என்பதைக் கருவி உலாவிக்கு அறிவிக்கும். தளமோ அதற்கேற்ப இரு கண்களுக்கும் தனித்தனியே சித்திரம் வரையும். உடலின் அசைவு அந்தரங்கமான செய்தியாதலால், பாதுகாப்பான இணைப்பிலன்றி இது இயங்காது. காண்பவர் தாமே பொத்தானை அழுத்தி இசைந்தாலன்றி எத்தளமும் அவரை உள்ளே இழுத்துச் செல்லலாகாது.

ஆயினும் வாயில் முற்றும் திறந்துவிட்டதென்று மகிழ்ந்திருக்க இடமில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் குரோம் உலாவியில் 2020 முதல் மிகை மெய்ம்மைக் காட்சிகள் இயங்குகின்றன. 2024இல் ஆப்பிள் கம்பெனி தன் விலையுயர்ந்த விஷன் ப்ரோ தலைக்கருவியில் வெப்எக்ஸ்ஆருக்கு இடமளித்தது. அதே ஆண்டில் ஐபோனின் ஸபாரி உலாவியில் அது மூடியே இருந்தது. தலைக்கருவி வாங்க வசதியில்லாத பெரும்பான்மையோருக்குக் கைப்பேசியன்றி வேறு கருவி ஏது?

வாயில் திறந்திருப்பினும் வீடு பிறருடையதாயின் பயன் குறைவே. கூகுள் நடத்திய பாலி என்னும் முப்பரிமாண உருவங்களின் களஞ்சியம் 2021இல் மூடப்பட்டது. படைத்தவர்கள் தத்தம் உருவங்களை வாரிக்கொண்டு வெளியேற நேர்ந்தது. உலாவியிலேயே பலர் கூடிப் பேசுவதற்கென மொஸில்லா 2018இல் தொடங்கிய ஹப்ஸ் மண்டபமும் 2024 மே 31உடன் மூடப்பட்டது. ஆனால் ஹப்ஸின் மூலநிரல் எவரும் எடுத்தாளும்படி வெளியிடப்பட்டிருந்தது. வேண்டியவர்கள் அதனைத் தம் கணினியில் நிறுவி, மண்டபத்தைத் தாமே நடத்த வழியிருந்தது. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை வாசகர்கள் ஊன்றிக் கவனிப்பார்களாக.

பள்ளிக்கும் நூல்நிலையத்துக்கும் பொருட்காட்சிசாலைக்கும் இத்தகைய காட்சிகளைப் பொதுப்பணத்தில் அமைக்க முற்படும் அதிகாரிகளிடம், ஜனங்களுக்காக உழைப்போர் மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். முகவரியொன்றால் எவரும் இதைத் திறக்க முடியுமா? மலிவான கைப்பேசியில் இயங்குமா? ஒப்பந்தக் கம்பெனி விலகினால் நிரலும் உருவங்களும் நம் கையில் எஞ்சுமா? மூன்றுக்கும் ஆமென்ற விடை எழுத்தில் கிடைக்கும்வரை ஒரு காசும் கொடுக்கலாகாது என்பதே நம் அபிப்பிராயம்.