எழுத்துக்கூட்டுவது எப்போது நிற்கிறது?

எழுத்து தோன்றிச் சுமார் 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. படிப்பதற்கென்றே மூளையில் ஓர் உறுப்பு பரிணமிக்க அந்தக் காலம் போதாது. பிறகு எப்படிப் படிக்கிறோம்?

மூளையின் இடப்பக்கத்தில், பின்பகுதியின் அடிப்புறமாக, உருவங்களை அடையாளம் காணும் இடம் ஒன்று உண்டு. படிக்கப் பழகப் பழக அதன் ஒரு பகுதி எழுத்துகளுக்கென மாறுகிறது. பிரெஞ்சு விஞ்ஞானி ஸ்டானிஸ்லாஸ் தெஹான் இதை நரம்பணு மறுசுழற்சி என்கிறார். தேர்ந்த வாசகருக்குச் சொல் கண்ணில் பட்ட 0.2 விநாடிக்குள் அந்த இடம் வேலையைத் தொடங்கிவிடுகிறது.

பதின்வயதிலும் மூளையின் வளர்ச்சி முடிவதில்லை. நரம்பிழைகளைச் சுற்றும் மயலின் உறை இருபது வயதைத் தாண்டியும் வளர்கிறது; அதனால் நரம்புச் செய்திகள் விரைகின்றன. ஆனால் உறை மட்டும் சரளம் தராது. ஒரே சொல்லைப் பலமுறை சந்தித்தால்தான் அதை எழுத்துக்கூட்டாமல் முழுதாகப் பிடிக்க முடியும். ஆகவே, ஒன்பதாம் வகுப்பில் படிக்கத் தடுமாறும் பிள்ளையை ‘இனி வராது’ என்று ஒதுக்குவது பெரும் அநீதி. வாய்விட்டுத் திரும்பத் திரும்பப் படிக்கும் பயிற்சி அந்த வயதிலும் பலன் தருகிறது.