தலைமாட்டில் துப்பாக்கி

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போய்விட, பல வீடுகளில் மிஞ்சியிருப்பவர்கள் வயதானவர்களே. புஞ்சையை ஒட்டிய தனி வீடு என்றால், ராத்திரி நாய் குரைத்தாலே தூக்கம் போய்விடும். 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். அடுத்த சில மாதங்களில் ஈரோடு மாவட்டம் சிவகிரிப் பக்கம் ஒரு முதிய தம்பதிக்கும் அதே கதி நேர்ந்தது. ஆகவே, "ஒரு துப்பாக்கி இருந்தால் தேவலை, எதை வாங்கலாம்?" என்று கேட்பவரின் பயம் நியாயமானது. ஆனால் எந்த ராத்திரியை நினைத்து வாங்குகிறாரோ, அந்த ராத்திரியில் அது உதவுவது மிகக் கடினம். மற்ற நாளெல்லாம் அந்த வீட்டில் இருப்பவர்களுக்கே அது ஆபத்து.

முதலில், என்ன கிடைக்கும் என்று பார்ப்போம். 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற 21 வயது ஆகியிருக்க வேண்டும். போலீஸ் விசாரணை உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. 9 எம்.எம். தடை செய்யப்பட்ட வகை. எனவே சாதாரண மனிதரின் கைக்கு வருவது பெரும்பாலும் 12 போர் குழல் துப்பாக்கி, இல்லாவிட்டால் .32 ரிவால்வர். 12 போர் 'சிதறி அடிக்கும், குறி பார்க்க வேண்டியதில்லை' என்றொரு நம்பிக்கை இருக்கிறது. அது தவறு. ஒரு அறையின் நீளத்தில், பத்தடி தூரத்தில், ரவைகள் உள்ளங்கை அகலத்துக்கு மேல் விரிவதில்லை. குறி தப்பினால் முழுவதுமாகத் தப்பிவிடும். பெரிய ரவை போட்ட தோட்டா மரக்கதவையும் தகரத்தையும் துளைத்து அடுத்த அறைக்குப் போகும். சின்ன ரவை அவ்வளவு துளைக்காது என்றாலும், அந்தத் தூரத்தில் அதுவும் உயிரைக் குடிக்கும். ரிவால்வரின் குட்டைக் குழலோ விடாத பயிற்சி இல்லாதவர் கையில் சொன்ன இடத்தில் சுடாது. பேரப்பிள்ளைகள் வந்து போகிற வீட்டில் துப்பாக்கியை ஒரு பூட்டிலும் தோட்டாவை இன்னொரு பூட்டிலும் வைத்தாக வேண்டும். அப்படி வைத்தால், தூக்கத்தில் தாக்கப்படும் எழுபது வயதுக்காரர் எந்தச் சாவியைத் தேடுவார்? தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் துப்பாக்கியே பெரும்பாலும் ஸ்டேஷனுக்குப் போய்விடும்.

வீட்டில் இருப்பவர்களுக்கே ஆபத்து என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் கிங் கவுண்டியில் 1978 முதல் 1983 வரை, துப்பாக்கி வைத்திருந்த வீட்டுக்குள்ளேயே அதே துப்பாக்கியால் நேர்ந்த 398 சாவுகளை மருத்துவர் கெல்லர்மனும் அவரோடு பணியாற்றியவரும் ஆராய்ந்தார்கள். தற்காப்பில் சுடப்பட்டு இறந்தவர்கள் 9 பேர். தற்கொலை 333. துப்பாக்கியைக் காட்டியதுமே ஓடிப்போன திருடர்கள் இந்தக் கணக்கில் இல்லையே என்பார்கள், சரியான கேள்விதான். அவர்களைச் சேர்த்தாலும் அந்த 333 குறையப் போவதில்லை. அது அமெரிக்கக் கணக்கு, நமக்கு எதற்கு என்பார்கள். தமிழ்நாட்டில் 2022-இல் மட்டும் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. பருத்திக்கு அடிக்கிற மருந்து வீட்டு மூலையில் இருந்ததால் போன உயிர்கள் எத்தனை என்று கரிசலுக்குத் தெரியும். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை வரிசையாகத் தடை செய்த பிறகு, 1995-இல் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் பத்தே ஆண்டில் பாதியாகக் குறைந்தது. அந்த மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இல்லாததால் மட்டுமே பிழைத்தவர்கள் பலர். கோபமோ துக்கமோ தலைக்கேறிய அந்தச் சில நிமிடங்களில் வீட்டில் என்ன இருக்கிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

இன்னொரு வாதம் இந்த மண்ணுக்கே உரியது: ஆயுதத்தைப் பிடுங்கியவன் வெள்ளைக்காரன்தானே! உண்மை. கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கிலிட்ட கும்பினியார், 1801 டிசம்பரில் பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களைப் பறிக்கவும் அறிக்கை வெளியிட்டார்கள். ஆனால் அதற்கு முன்பு ஊரைக் காத்தது வீட்டுக்கு வீடு இருந்த ஆயுதம் அல்ல, காவல் முறை. ஊரார் காவல்கூலி கொடுத்தார்கள். களவு போனால் காவல்காரர் பொருளை மீட்க வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். அது மிரட்டிப் பறிப்பதாகவும் பல இடங்களில் சீரழிந்தது, சாதி அதிகாரத்தோடும் பின்னிக் கிடந்தது. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆனாலும் களவுக்குப் பதில் சொல்ல ஒருவர் இருந்தார் என்பது முக்கியம். 1990-களின் சாதி மோதல்களைக் கண்ட தென்மாவட்டங்களில் வீட்டுக்கொரு துப்பாக்கி என்பது திருடனோடு நிற்காது என்பதையும் யோசிக்க வேண்டும்.

துப்பாக்கி மக்காச்சோளத்தை நாசம் செய்யும் காட்டுப்பன்றிக்காக என்றால், 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு எடுத்த முடிவின்படி சுடும் பொறுப்பு வனத்துறையினருடையது. தற்காப்புக்கோ சட்டம் இடம் தருகிறது: ராத்திரியில் பூட்டை உடைத்து நுழைபவனை எதிர்க்கையில் அவன் உயிர் போனாலும், பாரதிய நியாய சன்ஹிதாவின் 41-ஆவது பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்கிறது 37-ஆவது பிரிவு. ஓடுகிறவன் முதுகில் சுட்டால் நிற்க வேண்டியது கோர்ட்டில். உரிமத்துக்கு அலையும் அலைச்சலில் பாதியை உறுதியான கிரில் கதவுக்கும், வாசல் விளக்குக்கும், பக்கத்து வீட்டோடு இணைந்த ஒரு அலார மணிக்கும் செலவிடலாம். ரோந்து போலீஸ் கையெழுத்துப் போடும் பட்டா புத்தகத்தைப் புஞ்சை வீடுகளிலும் வைக்கச் சொல்லலாம். போன மாதம் அதில் எத்தனை கையெழுத்து விழுந்தது என்று கிராமசபையில் எழுந்து கேட்கலாம்.